எந்த அசையில் அமத்த வேணும்

எனக்கு இத்தாலியன் தெரியும் என்று கொட்டாஞ்சேனையில் ஒரு கதை உண்டு. அந்தக் கதையைக் கட்டிவிட்டவன் நான்தான். வேறு யாரும் அந்த வேலைக்கு முன்வரவில்லை.

கதைக்கு ஆதாரம் ஒரு பழைய வகுப்புக் கொப்பி. முப்பது வயதில் இத்தாலிக்குப் போவதென்று முடிவெடுத்து, ஒரு தையல் கடைக்கு மேல்மாடியில் நடந்த மொழி வகுப்பில் மூன்று மாதம் குந்தியிருந்தேன். பதினாலு பேர் படித்தோம். பதின்மூன்று பேர் போய்ச் சேர்ந்தார்கள். அவர்களோடு சேர்ந்து வாத்தியாரும் போய்விட்டார். எனக்கு மட்டும் விசா கிடைக்கவில்லை. கொப்பியும் நானும் மிஞ்சினோம். பிறகு கல்யாணம், வெள்ளவத்தையில் ஒரு சின்ன ஃபிளாட், கொட்டாஞ்சேனையில் அதைவிடச் சின்ன அச்சகம் என்று வாழ்க்கை ஓடிவிட்டது. அச்சகத்துக்கு வருகிறவர்களிடம் "போன்ஜோர்னோ" என்று வணக்கம் சொல்வேன். யாரும் திருப்பிக் கேட்காத வரைக்கும் அது போதுமாக இருந்தது.

எங்கள் அச்சகத்தில் அடிப்பது கல்யாணக் கார்டு, மரண அறிவித்தல், பில் புத்தகம். இந்த மூன்றிலும் பிழை வரலாம், ஆனால் முதல் இரண்டிலும் வந்தால் ஆட்கள் வீட்டுக்கே வருவார்கள். ஒருமுறை ஒரு மரண அறிவித்தலில், காலமானவரே தன் இறுதிக் கிரியைக்கு எல்லோரையும் அன்புடன் அழைக்கிறார் என்று அடித்துவிட்டேன். அன்றைக்கு வந்த மூத்த மகனின் முகம் இப்போதும் நினைவிருக்கிறது. அடுத்த நாளே ஒரு ரப்பர் முத்திரை செய்வித்தேன்: "சரிபார்த்தேன். பிழைகளுக்கு நானே பொறுப்பு." புரூஃபில் அந்த முத்திரையைக் குத்தி, கீழே வாடிக்கையாளரிடம் கையெழுத்து வாங்காமல் மெஷினில் கை வைப்பதில்லை. அந்த முத்திரைக்குப் பிறகு நான் பிழையே விட்டதில்லை. விட்டதெல்லாம் வாடிக்கையாளர்கள்.

அவ ஒரு பின்னேரம் வந்தா. இரண்டு தெரு தள்ளி வீட்டில் இடியப்பம் அவித்து நாலைந்து சாப்பாட்டுக் கடைகளுக்குக் கொடுக்கிறவ. என்னைவிடப் பத்து வயது குறைவு இருக்கும். அவவின் மகளுக்கு இத்தாலியில் ஒரு இத்தாலியப் பையனோடு கல்யாணம் என்பது தெருவுக்கே தெரியும். கார்டு அடிக்க வந்திருக்கிறா என்று நினைத்து மாதிரி அட்டைகளை எடுத்து வைத்தேன்.

"கார்டு இல்ல அண்ணன். உங்களுக்கு அந்த பாஷை தெரியும்தானே?"

வாசலில் இரண்டு பேர் பில் புத்தகத்துக்காக நின்றுகொண்டிருந்தார்கள். தெரியாது என்று சொல்ல அது இடமில்லை.

"ஓம் தங்கச்சி. தாராளமா."

போனில் ஒரு படத்தைக் காட்டினா. எட்டு வரி இத்தாலியன். கல்யாணச் சாப்பாட்டுக்கு முதல் மாப்பிள்ளையின் அம்மாவும் பெண்ணின் அம்மாவும் எழும்பி, ஆளுக்கு எட்டு வரி வாழ்த்து வாசிக்க வேண்டுமாம். எழுதியவர் மாப்பிள்ளையின் அப்பா, ஓய்வுபெற்ற பள்ளிக்கூட வாத்தியார். மகள் அதைத் தமிழாக்கி அனுப்பியிருந்தாள். அம்மா தமிழில் வாசிக்கட்டும், தான் பக்கத்தில் நின்று இத்தாலியனில் சொல்கிறேன் என்பது மகளின் ஏற்பாடு.

"அப்ப பிரச்சினை முடிஞ்சுதே," என்றேன்.

"எங்க முடிஞ்சிச்சு? கல்யாணப் பொண்ணு அவ. சீலையக் கட்டிக்கிட்டு எனக்கு மொழிபெயர்த்துக்கிட்டு நிக்கிறதா? அவங்க ஆள் ஒண்டு கேட்டிச்சாம், அம்மாவுக்குக் கதைக்கத் தெரியுமா எண்டு. ஊமையா எண்டு கேட்ட மாதிரி இல்லையா அது? நான் அவங்க பாஷையிலயே வாசிக்கணும். மகளுக்குச் சொல்லவும் இல்ல. ஆனா ஒண்டு அண்ணன், நான் வாசிச்சு அவங்க சிரிச்சா, எனக்கில்ல, அவளுக்குத்தான் வெக்கம்."

"போனில போட்டுக் கேட்டுப் பாக்கலாமே? இப்ப போனே வாசிக்குதாம்."

"கேட்டேன். அந்தப் பொம்பள ஓடுறா. எங்க அமத்துறா, எங்க விடுறா எண்டு புடிக்க ஏலாது. நீங்க தமிழ் எழுத்துல, துண்டு துண்டா, எந்த இடத்துல அமத்தணும் எண்டு போட்டுத் தந்தா நான் பாடமாக்கிருவேன். பாடமாக்குறதுல நான் கெட்டிக்காரி."

துண்டு துண்டாக என்றதும் எனக்குள் ஒரு பழைய மாணவன் எழும்பி உட்கார்ந்தான். பள்ளிக்கூடத்தில் நான் புள்ளி எடுத்த ஒரே பாடம் செய்யுளுக்கு அசை பிரிப்பது. நேர், நிரை, தேமா, புளிமா என்று வெண்பாவைக் கோழி அறுப்பது போல் அறுப்பேன். பொருள் கேட்டால் மட்டும் தெரியாது. இத்தாலியனும் அசை பிரிக்க உகந்த மொழிதான். இரட்டை மெய் வந்தால் நடுவில் வெட்ட வேண்டும், நாங்கள் "அம்-மா" என்பதைப் போல. ஒற்றை மெய் அடுத்த உயிரோடு போய்விடும். ஆங்கிலேயருக்கு வராத அந்த இரட்டிப்பு எங்கள் வாயில் பிறக்கும்போதே இருக்கிறது.

சிக்கல் அழுத்தத்தில்தான். தமிழில் எழுத்துகளெல்லாம் வரிசையில் நிற்கிற பிள்ளைகள். குறில் ஒரு மாத்திரை, நெடில் இரண்டு, அவ்வளவுதான் சண்டை. இத்தாலியனில் ஒவ்வொரு சொல்லிலும் ஒரு அசை மட்டும் மற்றவர்களைத் தள்ளிக்கொண்டு முன்னுக்கு வந்து நிற்கும். யார் அது என்று பெரும்பாலும் எழுத்தில் காட்டவும் மாட்டார்கள். என் கொப்பியில் அதற்கு ஒரு விதி இருந்தது: கடைசிக்கு முந்திய அசையில் அழுத்து. சிவப்புப் பேனையால் இரண்டு கோடு போட்டிருந்தேன்.

அந்த எட்டு வரிகளைப் பார்த்தபோது மாப்பிள்ளையின் அப்பாமேல் எனக்கு மரியாதை வந்தது, கொஞ்சம் கோபமும் வந்தது. மனுசன் ஒரு இடத்திலாவது சாதாரணச் சொல் போடவில்லை. "உங்கள் அடுப்பு அணையாதிருக்கட்டும், கூரைக்குக் கீழ் தகைவிலான் குருவி கூடு கட்டட்டும், வாசலில் பாதாம் மரம் நிற்கட்டும், தோடம்பூ மணக்கட்டும்" என்று மகள் தமிழாக்கியிருந்தாள். பிறகு மின்மினியும் தேன்கூடும் வந்தன. மனம் பெரிதாகவும் முகம் மலர்ச்சியாகவும் இருக்க வேண்டுமாம். தோடம்பூவுக்கென்றே, அதாவது ஆரஞ்சு மரத்துப் பூவுக்கென்றே, தனிச்சொல் ஒன்று வைத்திருக்கிறார்கள். மாப்பிள்ளைக்கே இரண்டு சொல்லுக்குத் தகப்பனிடம் பொருள் கேட்க வேண்டி வந்ததாம். என் கொப்பியில் இருந்தது வீட்டுவேலைக்குப் போகிறவர்களுக்கான இத்தாலியன்: கதிரை, மேசை, "பாட்டியைக் கழுவிவிட்டேன்", "சம்பளம் எப்போது" போன்றவை. இந்த அருஞ்சொற்கள் ஒன்றும் இல்லை.

ஆனால் விதி இருந்தது. விதியை எடுத்து எட்டு வரிக்கும் ஒரே வேகத்தில் பூசினேன். ரொண்-டீ-னே என்றேன் குருவியை. மண்-டோர்-லோ என்றேன் பாதாம் மரத்தை. அழுத்தம் விழும் அசைகளைத் தடித்த எழுத்தில், சிவப்பில் போட்டேன். கல்யாணக் கார்டுக்கு வைத்திருந்த நல்ல அட்டையில் ஒரு பிரதி எடுத்தேன். பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது. பிழையானதை அழகாகச் செய்வதில் எனக்கு ஈடில்லை.

அவ அடுத்த நாள் வந்து வாசித்துப் பார்த்தா. ஒரு சொல்லில் நின்றா.

"ஸ-கா-ரா... இது பாலைவனம்தானே அண்ணன்? கல்யாணத்துல பாலைவனம் என்னத்துக்கு?"

"அது தோடம்பூ."

"பூ மாதிரியே இல்ல."

"இத்தாலியன் அப்பிடித்தான் தங்கச்சி. போகப் போகப் பழகும்."

பிறகு பழக்கதோசத்தில் முத்திரையைக் குத்தி, பேனையை நீட்டினேன். அவ முத்திரையை வாசித்துவிட்டு என்னைப் பார்த்தா.

"எனக்குத் தெரியாத பாஷை. நான் எப்படி சரி எண்டு வைக்கிறது?"

"அது அச்சக வழக்கம். எல்லாரும் வைக்கிறது."

வைத்தா. எழுத்துக்கூட்டி, முழுப்பெயரையும். அந்த அட்டையை லமினேட் பண்ணிக் கொடுத்தேன். கையெழுத்து வைத்த புரூஃபை ஃபைலில் போட்டேன். நல்ல காரியம் செய்த ஆளைப் போல வெள்ளவத்தை பஸ்ஸில் நின்றுகொண்டே போனேன்.

இரண்டு கிழமை கழித்து ஒரு ஞாயிறு மத்தியானம். சாப்பிட்டு முடிந்து, மனைவியிடம் என் இத்தாலியச் சேவையைப் பற்றி மூன்றாம் தரமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் கேட்பதாகத் தெரியவில்லை. ஆகவே ஒரு சாட்சி வேண்டும் என்று போனில் அந்த எட்டு வரியைப் போட்டு, வாசிக்கும் பொத்தானை அமத்தினேன். போனுக்குள் இருக்கிற பொம்பிளை "ரோண்டினே" என்றா. முதல் அசையில் குத்திவிட்டு மிச்ச இரண்டையும் வழுக்கிக்கொண்டு ஓடினா.

"பிழையா வாசிக்கிறா," என்றேன்.

மனைவி கோப்பை கழுவிக்கொண்டே, "ஆர்?" என்றாள்.

"போன்காரி."

"அவ எந்த ஊராம்?"

"இத்தாலி."

"நீங்க?"

மறுபடி அமத்தினேன். மண்டோர்லோ இல்லையாம், மாண்டொர்லோவாம். ஸகாரா இல்லை, ஸாகரா. மலர்ச்சியான முகம் இலாரே இல்லை, ஈலாரே. இன்னும் இரண்டு. மொத்தம் ஆறு. அடுப்பும் தேன்கூடும் மட்டும் விதிக்குக் கட்டுப்பட்டு நின்றன. அலுமாரியின் மேல்தட்டில் இருந்து பழைய சின்ன அகராதியை இறக்கினேன். அதில் அழுத்தம் விழும் உயிருக்குக் கீழே ஒரு புள்ளி போட்டிருப்பார்கள். ஆறு சொல்லிலும் புள்ளி போன்காரியின் பக்கமே நின்றது.

கொப்பியைப் பிரித்தேன். விதிக்குக் கீழே, அடுத்த பாடத்தின் தலைப்பு மட்டும் என் கையெழுத்தில் இருந்தது: "வழுக்குகிற சொற்கள்." இத்தாலியர்கள் அப்படித்தான் அழைக்கிறார்கள், முன்னால் குத்திவிட்டு வழுக்கிப் போகிற சொற்களை. தலைப்புக்குக் கீழே வெறும் பக்கம். அந்தக் கிழமை நான் வகுப்புக்குப் போகவில்லை. பொரளையில் படம் பார்க்கப் போனேன். என்ன படம் என்றுகூட இப்போது ஞாபகமில்லை.

"சிரிப்பினமோ?" என்று மனைவி கேட்டாள்.

"தெரியேல்ல."

"அவ கையெழுத்து வைச்சிட்டாதானே. பிழை அவவின்ர."

பகிடியாகத்தான் சொன்னாள். ஆனால் அவள் கண் என்னிலேயே இருந்தது. பயணத்துக்குப் பதினொரு நாள் இருந்தது. பேசாமல் இருந்தால் ஒருவரும் என்னைக் கேட்கப் போவதில்லை. அங்கே நாற்பது பேர் கல்யாணச் சாப்பாட்டில் உதட்டைக் கடித்துக்கொண்டு இருப்பார்கள். ஒரு பெண் தன் கல்யாணத்தன்று தாயின் முகத்தைப் பார்க்க மாட்டாள். ஃபைலில் என் கை சுத்தமாக இருக்கும்.

திங்கட்கிழமை மூன்று மணிக்கு அவவின் வீட்டுக்குப் போனேன். பின்னேர இடியப்பம் போய்க்கொண்டிருந்தது. அடுப்பில் ஆவி. கையில் இடியப்பம் பிழிகிற மர உரல், முன்னால் ஈர்க்குத் தட்டுகள். வாயில் ரொண்-டீ-னே. மூன்று தரம் கேட்டேன். ஒவ்வொரு தரமும் பிழையைத் துல்லியமாகச் சொன்னா. உண்மையிலேயே பாடமாக்குவதில் கெட்டிக்காரிதான்.

வழியெல்லாம் நல்ல முன்னுரை ஒன்று யோசித்துக்கொண்டு வந்தேன். இத்தாலியனின் வட்டார வழக்குகள் பற்றித் தொடங்குவதாக இருந்தது. அந்த ஆவிக்குள் நின்றபோது அது வாய்க்கு வரவில்லை.

"தங்கச்சி, ஆறு சொல்லு பிழை. நான் பிழையாப் போட்டிட்டன். எனக்கு அவ்வளவு தெரியாது."

அவ தட்டில் பிழிந்துகொண்டிருந்த சுற்றை முடித்தா. தட்டை அடுக்கில் வைத்தா. அடுத்த தட்டை எடுத்தா.

"எவ்வளவு தெரியும்?"

"மூண்டு மாதம்."

"அதுக்கா கையெழுத்து வாங்கினீங்க?"

நான் வாசல்படியில் குந்திவிட்டேன். அவ ஏசவில்லை. ஏசியிருந்தால் திருப்பி ஏதாவது பகிடி சொல்லித் தப்பியிருப்பேன்.

"பதினாலு நாளா பாடமாக்கினது அண்ணன். நாக்குல ஒட்டிக்கிச்சு. இனி எப்படிக் கழட்டுறது? விடுவோமா? அவளே நிண்டு சொல்லட்டும், நான் தமிழ்லயே வாசிக்கிறேன்."

"விடாதேங்கோ. ஆறே ஆறு சொல்லுத்தான். முன்னுக்குக் குத்திப்போட்டு மிச்சத்தை வழுக்க விடவேணும்."

"வழுக்குறது எண்டா?"

எனக்கு விளக்கத் தெரியவில்லை. கையைத் தட்டினேன். படியில் குத்தினேன். "ரோண்" என்று கத்திவிட்டு "டினே" என்று முனகினேன். பக்கத்து வீட்டு நாய் எட்டிப் பார்த்தது. அவ உரலில் மாவை அடைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தா. பிறகு உரலைத் தட்டுக்கு மேலே பிடித்து அமத்தினா. முதல் அமத்தில் தோள் இறங்கியது. மா வெளியே வந்ததும் கை இலேசாகி, வட்டமாகச் சுற்றியது.

"இப்படியா? முதல்ல அமத்தணும். பிறகு அது தானா வரும்."

"அதேதான்."

"ரோண்," என்று அமத்தினா. "டினே," என்று சுற்றினா. தட்டில் ஒரு இடியப்பம் விழுந்தது.

தமிழ் நாக்குக்கு அழுத்தம் தெரியாது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவவின் நாக்கில் அது இல்லாமல் இருக்கலாம். தோளில் இருபது வருசமாக இருந்திருக்கிறது.

அந்தக் கிழமை மூன்று பின்னேரம் போனேன். அகராதியைப் படியில் வைத்து, புள்ளியைப் பார்த்து, எந்த அசையில் அமத்த வேணும் என்று சொல்வேன். அவ அமத்துவா. தேன்கூட்டுக்கு இரண்டு இலேசான சுற்றுக்குப் பிறகு பெரிய அமத்து: அல்-வே-ஆ-ரே. அந்த இடியப்பம் ஒரு பக்கம் மொத்தமாக வரும். "இத கடைக்குக் குடுக்க ஏலாது, நீங்க சாப்பிடுங்க," என்று சம்பலோடு என்னிடம் தள்ளுவா. இத்தாலியன் படித்ததால் நான் கண்ட முதல் பலன் அது. தோடம்பூவில்தான் அதிகம் இடறினா. ஸாகரா என்று தொடங்கி, பாதியில் பாலைவனம் நினைவு வந்து சிரித்துவிடுவா. "நீங்க போட்ட பாலைவனம் அண்ணன், இந்தப் பூவ முளைக்க விடுதில்ல."

பயணத்துக்கு இரண்டு நாள் முன்பு புதிய அட்டையோடு அச்சகத்தில் காத்திருந்தேன். அவ வந்து கதிரையில் இருக்கவில்லை. எட்டு வரியையும் அட்டையைப் பார்க்காமல் சொன்னா. வலது கை வயிற்றுக்கு முன்னால் உரல் பிடித்த மாதிரியே இருந்தது. நான் அகராதியில் விரலை ஓட்டிக்கொண்டு வந்தேன். ஒரு புள்ளியும் தவறவில்லை.

"சரியா?"

"சரி."

"அப்ப அந்த முத்திரைய எடுங்க."

எடுத்தேன். அட்டையின் அடியில் தானே குத்தினா. "சரிபார்த்தேன். பிழைகளுக்கு நானே பொறுப்பு." பிறகு என் மேசையில் இருந்த என் பேனையை எடுத்து எனக்கே நீட்டினா.

"வைங்க அண்ணன். முழுப்பெயர்."

இத்தனை வருசத்தில் அந்த முத்திரைக்குக் கீழே நான் கையெழுத்து வைத்தது அதுதான் முதல்தரம். நானும் எழுத்துக்கூட்டித்தான் வைத்தேன் என்று சொன்னால் மனைவி நம்பமாட்டாள். ஆகவே அவளுக்கு அதைச் சொல்லவில்லை.

கல்யாணத்துக்கு அடுத்த நாள் மகள் வீடியோவை அனுப்பியிருந்தாள். தாய் இடியப்பம் பிழிகிற வேகத்தில் அதை எனக்குத் தள்ளிவிட்டிருந்தா. மனைவியும் நானும் ஒரு போனுக்குள் தலையைக் குவித்துக்கொண்டு பார்த்தோம். மரங்களுக்குக் கீழே நீளமான மேசை. முதலில் மாப்பிள்ளையின் அம்மா வாசித்தா. பிறகு மகள் எழும்பினாள், மொழிபெயர்க்க. எங்கள் ஆள் மகளின் தோளில் கை வைத்து இருத்தினா. பச்சைப் பட்டுச் சேலை. ஒரு கையில் அட்டை, அதைப் பார்க்கவே இல்லை. மற்றக் கை மேசைப் பூக்களுக்குப் பின்னால் மறைந்திருந்தது. தோள் மட்டும் தெரிந்தது. ஒவ்வொரு சொல்லிலும் ஒரு இடத்தில் அது இறங்கியது.

வெள்ளைத்தலை மனுசர் ஒருவர், அவர்தான் வாத்தியாராக இருக்க வேண்டும், முள்ளுக்கரண்டியைக் கீழே வைத்தார். அவருடைய உதடும் கூடவே அசைந்தது. தோடம்பூவில் அவ நின்றா. வாயோரம் சிரிப்பு வந்து போவது தெரிந்தது, பாலைவனத்துக்காக. பிறகு தோள் இறங்கியது. ஸாகரா. வழுக்கிக்கொண்டு போனது.

யாரும் சிரிக்கவில்லை. மகள் மட்டும் சீலைத்தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டாள். அது வெட்கம் இல்லை என்று போனின் சின்னத் திரையிலும் தெரிந்தது.

மூன்று கிழமைக்குப் பிறகு அவ திரும்பி வந்து ஒரு பை சொக்லேட்டோடு அச்சகத்துக்கு ஏறினா. எல்லாம் சொன்னா. கடைசியில், "அட்டைய அவர் கேட்டு வாங்கிட்டாரு அண்ணன். அந்த வாத்தியார். கண்ணாடி போட்டு சாப்பாட்டு அறையில மாட்டியிருக்காரு. கீழ இருக்கிற கையெழுத்து யாருடையது எண்டு கேட்டாரு."

"நீங்க என்ன சொன்னியள்?"

"இத்தாலியன் வாத்தியார் எண்டு சொன்னேன். மகளுக்குத்தான் சிரிப்பு."

வெள்ளவத்தைக்குப் போய் மனைவியிடம் சொன்னேன். அவள் சொக்லேட் தாளைப் பிரித்துக்கொண்டே கேட்டாள். "நல்லது," என்றாள். "உங்களுக்குத்தான் விசா கிடைக்கேல்ல. கையெழுத்தாவது போய்ச் சேர்ந்திட்டுது."